பாஷோ அழுதது போலிக் கல்லைப் பார்த்தா?

கேள்வி இதுதான்: "ஜப்பானியக் கவிஞர் பாஷோ வடக்கே பயணம் போனபோது ஒரு பழங்காலக் கல்வெட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்டார் என்று படித்தேன். அந்தக் கல் பிற்காலத்தில் செய்த போலி என்று ஓரிடத்தில் போட்டிருக்கிறது, தேசியப் பொக்கிஷம் என்று இன்னோரிடத்தில் போட்டிருக்கிறது. எதை நம்புவது?"

கல் அசல். பெயர்தான் தப்பு. ஒரு வரியில் பதில் வேண்டும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒரு அசல் கல் எப்படித் தப்பான பெயரில் புகழடைந்தது, அப்புறம் எப்படிப் போலி என்று பட்டம் வாங்கியது, மண்ணைத் தோண்டி எப்படி அதை மீட்டார்கள் என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நீங்கள் சொல்லும் கல்லுக்கு இன்றைய பெயர் தாகாஜோ கல்வெட்டு. வடகிழக்கு ஜப்பானில் மியாகி மாநிலம், செண்டாய் நகரத்துக்குப் பக்கத்தில் தாகாஜோ என்று ஒரு சிறு நகரம். 'ஜோ' என்றால் கோட்டை. 8-ஆம் நூற்றாண்டில், அன்றைய தலைநகரமான நாராவில் இருந்த அரசு தன் வடக்கு எல்லையை ஆள அங்கே ஒரு கோட்டை கட்டியது. கோட்டை என்றதும் வெள்ளைச் சுவரும் அடுக்கடுக்கான கூரையுமாக சாமுராய்க் காலத்துக் கோட்டையை நினைத்துவிடாதீர்கள், அதெல்லாம் 800 ஆண்டுகள் கழித்து வந்தவை. இது மண்சுவரும் மரவேலியும் சூழ்ந்த ஒரு பெரிய வளாகம். நடுவில் அரசு அலுவலகம். படைத்தளம், கச்சேரி, விருந்தினர் மண்டபம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தெற்கு வாசலுக்கு உள்ளே, ஒரு மேட்டில் கல் நிற்கிறது.

நான் போயிருந்தபோது முதலில் கல் எங்கே என்றே தெரியவில்லை. ஒரு சின்ன மரக் கொட்டகைதான் தெரிந்தது. நான்கு பக்கமும் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்திருக்கிறார்கள். அந்தச் சட்டங்களுக்கு நடுவே முகத்தை வைத்து, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் உள்ளே ஆள் உயரத்தை விடச் சற்றே பெரிய ஒரு பாறை. தரைக்கு மேலே 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் கிட்டத்தட்ட 1 மீட்டர். மணற்பாறை. செதுக்கிச் சதுரமாக்கிய தூண் இல்லை, இயற்கையான பாறையின் ஒரு முகத்தை மட்டும் சமப்படுத்தி எழுதியிருக்கிறார்கள், பக்கவாட்டு எல்லாம் கரடுமுரடு. கண் இருட்டுக்குப் பழகியதும் முதலில் தெரிவது உச்சியில் தனியாக, பெரிதாக வெட்டிய ஒரே ஒரு எழுத்து. 'மேற்கு' என்று பொருள். கல்லும் மேற்கைப் பார்த்துத்தான் நிற்கிறது. அதற்குக் கீழே ஒரு செவ்வகக் கோடு, கோட்டுக்குள் 11 வரிகளில் 140 எழுத்துகள். மேலே உள்ளதையும் சேர்த்தால் 141. எல்லாம் சீன எழுத்துகள், வாசகமும் சீன மொழி நடைதான். அந்தக் காலத்தில் ஜப்பானிய அரசு அலுவல்கள் அப்படித்தான் நடந்தன.

என்ன எழுதியிருக்கிறது? இதில்தான் பலர் ஏமாந்து போவார்கள். கவிதை கிடையாது, தத்துவம் கிடையாது. முதல் பாதி முழுக்க தூரக் கணக்கு, 'ரி' என்ற பழைய அளவில். தாகா கோட்டையிலிருந்து தலைநகரம் 1500 ரி. எமிஷி நாட்டு எல்லை 120 ரி. ஹிதாச்சி நாட்டு எல்லை 412 ரி. ஷிமோட்சுகே நாட்டு எல்லை 274 ரி. மக்கட்சு நாட்டு எல்லை 3000 ரி. பிற்பாதியில் இரண்டு சேதி. ஒன்று, இந்தக் கோட்டையை ஜின்கி முதலாம் ஆண்டில், அதாவது 724-இல், ஓனோ நோ அசுமாஹிதோ என்ற தளபதி நிறுவினார். இரண்டு, தென்பியோ ஹோஜி 6-ஆம் ஆண்டில், அதாவது 762-இல், புஜிவாரா நோ அசகாரி என்பவர் இதைப் புதுப்பித்துக் கட்டினார். கடைசி வரியில் தேதி: அந்த ஆண்டின் 12-ஆம் மாதம் 1-ஆம் நாள். அவ்வளவுதான், முடிந்தது.

ரி கணக்கைப் படிப்பவர்கள் ஒரு பொறியில் விழுவார்கள். பிற்கால ஜப்பானில் 1 ரி என்பது கிட்டத்தட்ட 4 கி.மீ. அந்தக் கணக்கில் பார்த்தால் தாகாஜோவிலிருந்து நாரா 6000 கி.மீ. ஆகிவிடும், கல்லை வெட்டியவனுக்குப் பைத்தியம் என்று தோன்றும். ஆனால் 8-ஆம் நூற்றாண்டு ரி ஏறத்தாழ 535 மீட்டர்தான். 1500-ஐ அதால் பெருக்குங்கள், 800 கி.மீ. வருகிறது. சாலை வழியே நாராவுக்குப் போனால் கிட்டத்தட்ட அதுதான் தூரம். எமிஷி எல்லை 64 கி.மீ. என்கிறது. எமிஷி என்பது நாரா அரசுக்கு அடங்காமல் வடக்கே வாழ்ந்த மக்களுக்குத் தலைநகரத்தார் வைத்த பெயர். இரண்டு மூன்று நாள் நடந்தால் அரசின் கை எட்டாத நிலம் வந்துவிடும். அதை ஒளிக்காமல், கணக்காகவே போட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். தெற்கே உள்ள ஷிமோட்சுகே மாகாணத்து எல்லை ஓரளவு பொருந்துகிறது. ஹிதாச்சி எல்லைக்குக் கொடுத்த 220 கி.மீ. கொஞ்சம் இடிக்கிறது. எந்தச் சாலை வழியாக அளந்தார்கள் என்று ஆய்வாளர்களிடையே வாக்குவாதம் உண்டு.

கடைசியில் உள்ள மக்கட்சு, அதாவது 1600 கி.மீ. தள்ளி கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய மஞ்சூரியா, ரஷ்யக் கடற்கரைப் பக்கம் வாழ்ந்த மக்கள். ஒரு எல்லைக் கோட்டையின் வாசலில் கடல் கடந்த நாட்டுக்கு எதற்குத் தூரம் போட வேண்டும்? இதற்குப் பதில் வேண்டுமென்றால் அசகாரி யார் என்று பார்க்க வேண்டும்.

அசகாரியின் அப்பா புஜிவாரா நோ நகமாரோ. அந்தக் காலத்து ஜப்பானில் அரசர் பெயருக்குத்தான் அரசர், ஆட்சி நகமாரோ கையில். சீன மோகம் பிடித்த மனிதர், அரசுத் துறைகளின் பெயரையெல்லாம் சீன பாணியில் மாற்றி வைத்தார். தன் குடும்பத்துக்கு 'எமி' என்று ஒரு சிறப்புப் பெயரும் வாங்கிக்கொண்டார். கொரியத் தீபகற்பத்தில் இருந்த சில்லா நாட்டின் மேல் படையெடுக்கத் திட்டம் போட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த பல்ஹே நாட்டோடு தூது நடத்திக்கொண்டிருந்ததும் இதே ஆண்டுகளில்தான். மக்கட்சு மக்கள் வாழ்ந்ததும் அந்தப் பக்கம்தான். அப்பாவின் உலகப் பார்வை மகன் வைத்த கல்லிலும் தெரிகிறது என்று நினைக்கிறேன். மகனுக்கு வடக்கு எல்லையின் முழுப் பொறுப்பு. கல்லில் அவர் பெயருக்கு முன்னால் வரும் பட்டங்களைப் படித்தாலே மூச்சு வாங்கும். அரசவை ஆலோசகர், இரண்டு பெருவழிப் பகுதிகளுக்குப் படைப் பொறுப்பாளர், துறைத் தலைவர், மாகாணக் கண்காணிப்பாளர், எல்லைக் காவல் தளபதி, எல்லாவற்றுக்கும் பிறகுதான் பெயர். அதில் வரும் துறையின் பெயர்கூட நகமாரோ மாற்றி வைத்த புதுப் பெயர்தான். கோட்டையைக் கட்டிய அசுமாஹிதோவுக்கு இவ்வளவு நீளம் கிடையாது.

இன்னொன்று. ஷோகு நிஹொங்கி என்று அந்தக் காலத்து அரசாங்க வரலாற்று ஏடு ஒன்று இருக்கிறது. அதன்படி அசகாரி அரசவை ஆலோசகர் ஆனது 762, 12-ஆம் மாதம் 1-ஆம் நாள். கல்லில் போட்டிருக்கும் அதே நாள். பதவி கிடைத்த நாளையே கல்லின் நாளாகப் போட்டிருக்கிறார். நம் ஊர் மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கோட்டையைப் பற்றிய கல் என்று சொல்லிக்கொண்டு ஆளைப் பற்றி எழுதுவது எல்லா நாட்டிலும் நடந்ததுதான்.

ஆனால் அந்தப் பெருமை 2 ஆண்டுகூட நிற்கவில்லை. 764-இல் நகமாரோ முன்னாள் பேரரசியோடு மோதி, கிளர்ச்சி செய்து தோற்று, பிவா ஏரிக்கரையில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அசகாரியும் போனார். அவர்கள் உட்கார வைத்த அரசர் ஜுன்னின் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு அவாஜி தீவுக்கு அனுப்பப்பட்டார், அடுத்த ஆண்டே அங்கே இறந்தார். இப்போது யோசித்துப் பாருங்கள், தலைநகரத்தில் துரோகி என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவனின் பெயர் இங்கே கோட்டை வாசலில் பெரிய கல்லில் நிற்கிறது. அடுத்து வந்த அதிகாரி என்ன செய்திருப்பான்? கல்லைத் தள்ளிப் புதைத்திருப்பார்கள் என்று ஒரு ஊகம் உண்டு. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. எப்படியோ, அதன்பின் சுமார் 900 ஆண்டுகளுக்கு இந்தக் கல்லைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அது மறுபடி பேச்சுக்கு வந்தது 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், எடோ காலத்தில்.

இனி பெயர்க் குழப்பத்துக்கு வருவோம்.

கல் மறைந்து கிடந்த அந்த இடைவெளியில் ஜப்பானியக் கவிதையில் வேறொரு கல் வளர்ந்துகொண்டிருந்தது. அதன் பெயர் சுபோ நோ இஷிபுமி. இஷி என்றால் கல், புமி என்றால் எழுத்து, ஆக இஷிபுமி என்றால் நேராகவே கல்வெட்டு. சுபோ என்ற இடத்துக் கல்வெட்டு. 12-ஆம் நூற்றாண்டுக் கவிதை அறிஞர் கென்ஷோ இதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்தார். எமிஷிகளை அடக்கப் போன தளபதி தமுராமாரோ, வடக்கின் கோடியில் ஒரு பெரும் பாறையில் தன் வில்லின் முனையால் 'ஜப்பானின் நடு' என்று பொருள்படும் 4 எழுத்துகளைக் கீறி வைத்தாராம். வில் முனையால் பாறையில் எழுத முடியுமா என்றெல்லாம் கேட்கக் கூடாது, அது அந்த மாதிரிக் கதை.

கவிஞர்களுக்கு அந்தக் கல் மிகவும் பிடித்துப்போனது. காரணம், யாரும் அதைப் பார்த்ததில்லை. அதோடு புமி என்ற சொல்லுக்குக் கடிதம் என்றும் பொருள் உண்டு, சிலேடைக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஷோகுன், அதாவது படைத் தலைமை ஆட்சியாளர், மினமோதோ நோ யோரிதோமோவுக்குத் துறவி ஜியென் ஒரு முறை, மனத்தில் உள்ளதையெல்லாம் கடிதத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை என்று எழுதினார். யோரிதோமோ பதிலுக்கு 5 அடியில் ஒரு கவிதை அனுப்பினார். அதில் இவாதே, ஷினோபு, எசோ என்று வடநாட்டு ஊர்ப் பெயர்களாகவே வருகின்றன. ஆனால் அதே சொற்களைச் சேர்த்துப் படித்தால், நீ சொல்லாமல் அடக்கி வைத்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும், எழுதித் தீர்த்துவிடு, சுபோ கல்வெட்டே என்று வருகிறது. போர்க்களத்திலேயே வாழ்ந்த ஆள் என்று நாம் நினைக்கும் யோரிதோமோ இப்படி எழுதியிருக்கிறார். அந்தக் கவிதை அரச ஆணையில் தொகுக்கப்பட்ட ஷின் கோகின்ஷூ தொகுப்பிலும் சேர்ந்துவிட்டது. ஆக, படித்த ஜப்பானியர் ஒவ்வொருவருக்கும் சுபோ நோ இஷிபுமி தெரியும், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்படி 500 ஆண்டுகள்.

இந்த நிலையில் செண்டாயை ஆண்ட தாதே குடும்பத்தின் மண்ணில் ஒரு பழங்கல் கிடைக்கிறது. வடக்கில், எழுத்தோடு, எமிஷி என்ற பெயரோடு! அதுவும் தாதே ஆட்சி தன் எல்லைக்குள் இருக்கும் கவிதைப் புகழ் பெற்ற இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி அடையாளம் காட்டிக்கொண்டிருந்த காலம். விடுவார்களா? இதுதான் சுபோ நோ இஷிபுமி என்று சொல்லிவிட்டார்கள். கல்லில் சுபோ என்று ஒரு எழுத்து கிடையாது, தமுராமாரோ பெயர் கிடையாது, 'ஜப்பானின் நடு' கிடையாது. அதெல்லாம் யாருக்கும் உறுத்தவில்லை. ஆசை அப்படி.

1689-இல் பாஷோ வந்தார். கூடவே சீடர் சோரா. செண்டாயில் கயேமோன் என்ற ஓவியர் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டி, போக வேண்டிய இடங்களை வரைந்து கொடுத்து, கருநீலச் சாயம் தோய்த்த வார் வைத்த வைக்கோல் செருப்பு இரண்டு ஜோடியும் கொடுத்து அனுப்பினார். பழைய கவிதை இடங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே கயேமோனின் வேலையாக இருந்தது. அவருடைய படத்தைப் பார்த்துத்தான் பாஷோ இந்தக் கல்லுக்கு வந்து சேர்ந்தார். அப்போது கொட்டகை இல்லை. கல் பாசி படிந்து நின்றது, எழுத்து மங்கலாகத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறார். உயரம் 6 அடிக்கு மேல், அகலம் 3 அடி என்று குறித்திருக்கிறார், இன்றைய அளவோடு ஒப்பிட்டால் சரியாகவே இருக்கிறது.

அவர் அழுத காரணத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். கவிதைகளில் பாடிய இடங்களைத் தேடிப் போனால் மலை சரிந்திருக்கிறது, ஆறு திசை மாறியிருக்கிறது, கல் மண்ணுக்குள் போயிருக்கிறது, மரம் பட்டு அந்த இடத்தில் கன்று நிற்கிறது, எதையும் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. இங்கே வந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லாத ஆயிரமாண்டு அடையாளம், பழைய மனிதர்களின் மனத்தையே நேரில் பார்ப்பது போல இருக்கிறது, இதற்காகத்தான் இவ்வளவு தூரம் நடந்தோம், உயிரோடு இருந்து இதைப் பார்த்தோமே என்று நடந்த அலுப்பெல்லாம் மறந்து கண்ணீர் வந்தது. இதுதான் அவர் சொல்வதன் சாரம். அவர் கொண்டாடியது 'உறுதி'யை. ஆனால் அவர் உறுதி என்று நம்பிய ஒன்று, அதாவது இதுதான் அந்தக் கவிதைக் கல் என்பது, தவறு. அவருக்குத் தெரியாத இன்னொன்று, அதாவது இது உண்மையிலேயே 8-ஆம் நூற்றாண்டுக் கல் என்பது, உண்மை. ஆயிரமாண்டு என்று அவர் சொன்னது கூட அவ்வளவு தூரம் தப்பில்லை, 762-இலிருந்து 927 ஆண்டு. ஒரு சின்னச் சறுக்கல் மட்டும் உண்டு. இது பேரரசர் ஷோமு காலத்தது என்று எழுதிவிட்டார். 724 ஷோமு பட்டத்துக்கு வந்த ஆண்டு, சரிதான். ஆனால் கல் வைத்தது 762, அப்போது ஷோமு இறந்து 6 ஆண்டு ஆகியிருந்தது, அரியணையில் இருந்தவர் நாம் மேலே பார்த்த ஜுன்னின்.

அன்று அந்தக் கல்லைப் பற்றிக் கவலைப்பட்ட இன்னொருவர் மிதோ பிரபு தோகுகவா மிட்சுகுனி. ஜப்பானின் முழு வரலாற்றை எழுத ஆட்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆதாரம் தேடியவர். நாசு பகுதியில் கிடைத்த இன்னொரு பழங்கல்லுக்கு, 700-ஆம் ஆண்டு இறந்த ஒரு தலைவனுக்கு எடுத்த கல் அது, கோயிலே கட்டிப் பாதுகாத்தவர். தாகாஜோ கல் மழையிலும் வெயிலிலும் நிற்கிறது, அதற்கு ஒரு கூரை போடுங்கள் என்று தாதே குடும்பத் தலைவர் சுனமுராவுக்குக் கடிதம் எழுதினார். இன்று நாம் சட்டங்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் கொட்டகைக்கு வேர் அந்தக் கடிதம்தான்.

சரி, போலி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? மெய்ஜி காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேற்கத்திய முறையில் வரலாறு பயின்ற தலைமுறை வந்ததும் பழைய நம்பிக்கைகளையெல்லாம் உதறிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இந்தக் கல்லை உதறியபோது நிறையவே உதிர்ந்தது. அசகாரிக்குக் கல்லில் கொடுத்திருக்கும் பதவித் தரம் ஷோகு நிஹொங்கியில் உள்ளதைவிட ஒரு படி மேலே இருக்கிறது. அசுமாஹிதோவுக்குப் போட்டிருக்கும் தரம் 724-இல் அவருக்குக் கிடையாது, பிற்பாடு கிடைத்தது. தாகா கோட்டை 724-இல் கட்டப்பட்டது என்றோ 762-இல் புதுப்பிக்கப்பட்டது என்றோ எந்த அரசாங்க ஏட்டிலும் ஒரு வரி இல்லை, அந்தக் கோட்டை முதன்முதலில் ஏட்டில் தலைகாட்டுவதே 737-இல்தான். தூரக் கணக்கில் இடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கவிதை இடங்களைத் தேடித் தேடி அடையாளம் காட்டிக்கொண்டிருந்த ஒரு ஆட்சியின் மண்ணில், அவர்களுக்கு மிகத் தேவைப்பட்ட நேரத்தில் கல் கிடைத்திருக்கிறது. ஆக, எடோ காலத்தில் செண்டாய்க்காரர்களே வெட்டி வைத்தது என்று முடிவு கட்டினார்கள். நியாயமான சந்தேகம்தான். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இந்தப் பழி பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டது, நீங்கள் படித்த பழைய குறிப்பு அந்தக் காலத்து மிச்சம்தான்.

கல்லைக் காப்பாற்றியது மண். 1960-களில் தாகாஜோவில் முறையான அகழாய்வு தொடங்கியது, 1969-இல் இதற்கென்றே மியாகி மாநிலம் ஒரு ஆய்வு நிலையத்தை வைத்தது. நடுவில் இருந்த அரசு அலுவலகப் பகுதியை அடுக்கடுக்காகத் தோண்டிக்கொண்டு போனதில் 4 கட்டங்கள் தெரிந்தன. முதல் கட்டத்தில் தூண்களை நேராகக் குழியில் நட்டுக் கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் அதையெல்லாம் எடுத்துவிட்டு, தூணுக்கு அடியில் கல் வைத்து, ஓடு வேய்ந்து, ஆடம்பரமாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டாம் கட்டம் தீயில் எரிந்து போயிருக்கிறது, கரி அப்படியே இருக்கிறது. அந்தத் தீக்கு ஆண்டு தெரியும். அரசுப் பக்கம் இருந்த எமிஷி தலைவன் அசமாரோ 780-இல் திரும்பிக் கிளர்ந்தபோது கோட்டை கொளுத்தப்பட்டதை ஷோகு நிஹொங்கியே சொல்கிறது. மூன்றாம் கட்டம் 869-ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்தோடு முடிகிறது. நான்காவது 11-ஆம் நூற்றாண்டு வரை போகிறது.

இப்போது கணக்கைப் போடுங்கள். 780-இல் எரிந்த கட்டடத்துக்கு முன்னால், 8-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஒரு பெரிய புதுப்பிப்பு நடந்திருக்கிறது. அதைச் சொல்லும் ஏடு எதுவும் இல்லை. சொல்வது இந்தக் கல் ஒன்றுதான். எடோ காலத்தில் உட்கார்ந்து போலி செய்தவனுக்கு, தரைக்கு அடியில் இரண்டாம் கட்டம் என்று ஒன்று இருப்பது எப்படித் தெரிந்திருக்கும்? அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே ஆதாரம் ஷோகு நிஹொங்கி, அதில் இந்தச் சேதி இல்லை. பதவித் தரம் பொருந்தவில்லை என்ற வாதமும் இங்கே தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. ஏட்டைப் பார்த்துக் காப்பி அடித்தவன் ஏட்டில் உள்ளபடியே எழுதியிருப்பான். ஏட்டோடு முரண்படுகிறது என்றால் ஏட்டைப் பார்க்காதவன் எழுதியது என்றுதான் பொருள். அசுமாஹிதோவின் தரம் விஷயத்தில், 40 ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்து எழுதுகிறவர்கள் பிற்பாடு வாங்கிய பட்டத்தைச் சேர்த்துச் சொல்வது சகஜம். நாமும் ஒருவரைப் பற்றிப் பேசும்போது, "முதலமைச்சர் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்" என்றுதானே சொல்கிறோம், படித்தபோது அவர் முதலமைச்சரா என்ன?

எழுத்தின் வடிவம், வெட்டிய முறை எல்லாவற்றையும் 1970, 80-களில் மறுபடி ஆராய்ந்தார்கள். இதில் முக்கியமான பெயர் ஹிராகவா மினாமி. தாகாஜோவிலேயே அரக்குத் தாள் ஆவணங்களைப் படித்துப் பெயர் வாங்கியவர். அது தனிக் கதை, ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அரக்குப் பானை காய்ந்துவிடாமல் இருக்க அலுவலகத்துப் பழைய தாள்களை மூடியாகப் போட்டிருக்கிறார்கள். அரக்கு ஊறிய தாள் மண்ணில் மக்கவில்லை. தோண்டி எடுத்தபோது தோல் துண்டு மாதிரி இருந்ததை அகச்சிவப்புக் கதிர்க் கருவியில் வைத்துப் பார்த்தால் எழுத்து! அப்படிப் பல 8-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு கல்லைப் பார்த்தவர் அவர். 1980-களின் இறுதிக்குள் போலி வாதம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. 1998-இல் கல் முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டது. கோட்டை நிறுவி 1300 ஆண்டு நிறைந்த 2024-இல் தேசியப் பொக்கிஷம் ஆனது. அந்த 1300 என்ற கணக்குக்கு ஆதாரமே கல்லில் உள்ள 724-தான்.

ஜப்பானில் இந்த மாதிரிப் பழங்கல்வெட்டுகள் மிகவும் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். 11-ஆம் நூற்றாண்டு வரை உள்ளவற்றில் இன்று மிஞ்சியவை 20-க்கும் குறைவு. ஒரே கோயில் சுவரில் நூறு கல்வெட்டு பார்த்துப் பழகிய நமக்கு இது நம்ப முடியாத எண்ணிக்கை. அங்கே அலுவல் எழுத்து தாளிலும் மரச் சீவல்களிலும்தான் ஓடியது, கல்லில் வெட்டும் பழக்கம் வேர் பிடிக்கவில்லை. அதனால்தான் 141 எழுத்துக்கு இவ்வளவு சண்டை.

அப்படியானால் உண்மையான சுபோ நோ இஷிபுமி எங்கே என்று அடுத்த கேள்வி வரும், அதையும் முடித்துவிடுகிறேன். இன்னும் வெகு வடக்கே, அஓமோரி மாநிலத்தில், சுபோ என்றும் இஷிபுமி என்றும் பெயருள்ள கிராமங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே உள்ள செம்பிகி கோயிலுக்கு அடியில் அந்தக் கல் புதைந்திருப்பதாக ஊரில் ஒரு கதை. 1876-இல் மெய்ஜி பேரரசர் வடக்கே சுற்றுப்பயணம் வந்தபோது தோண்டியே பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு 1949-இல் அந்த வட்டாரத்தில் ஊர்க்காரர் ஒருவர் கண்ணில் ஒரு பாறை பட்டது, அதில் கிறுக்கலான 4 எழுத்துகள்: 'ஜப்பானின் நடு'. இப்போது அதை ஒரு சிறிய கட்டடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். வடகோடியில் எப்படி 'நடு' என்று கேட்டால் அதற்கும் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். ஜப்பான் என்பதை எழுதும் அதே எழுத்துகளை ஹினோமோதோ என்றும் படிக்கலாம். இடைக்காலத்தில் வடக்கு நிலத்துக்கே அந்தப் பெயர் உண்டு, அங்கே ஆண்ட அந்தோ குடும்பம் தங்களை ஹினோமோதோ ஷோகுன் என்று சொல்லிக்கொண்டது. அந்த ஹினோமோதோவின் நடு என்று எடுத்துக்கொண்டால் இடம் பொருந்திவிடும். ஆனால் தமுராமாரோவின் படை அவ்வளவு வடக்கே போகவே இல்லை, அவர் 802-இல் கட்டிய இசவா கோட்டை வெகு தெற்கே இருக்கிறது. கதையைக் கேட்டுவிட்டுப் பின்னால் யாரோ வெட்டிய கல் என்பதுதான் என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் உண்டு, அங்கே போய் இதை உரக்கச் சொல்லாதீர்கள்.

தாகாஜோ கல்லைப் பார்க்கப் போவதாக இருந்தால் செண்டாயிலிருந்து ரயிலில் கொகுபு தாகாஜோ நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்துக்கு எதிரிலேயே தோஹோகு வரலாற்று அருங்காட்சியகம், முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் கோட்டைப் பக்கம் நடந்தால் தரையில் உள்ள மேடு பள்ளங்களுக்கு அர்த்தம் புரியும். பிற்பகலில் போவது நல்லது. கல்லின் முகம் மேற்கே பார்த்திருக்கிறது, வெயில் சாயும்போதுதான் மரச்சட்டங்களுக்கு இடையே வெளிச்சம் நேராக உள்ளே விழும். காலையில் போன எனக்கு எமிஷி வரி கடைசிவரை தெரியவில்லை, வெளியே வைத்திருக்கும் விளக்கப் பலகையில்தான் படித்துக்கொண்டேன்.